கம்பளி நூலுக்குச் செடிச்சாயம்

ஸ்காட்லாந்துக்கு வடக்கே, ஆர்க்னித் தீவுகளுக்கும் ஷெட்லாந்துத் தீவுகளுக்கும் நடுக்கடலில் ஃபேர் ஐல் என்றொரு சிறு தீவு இருக்கிறது. நீளம் ஏறக்குறைய 5 கிலோமீட்டர். அகலம் அதில் பாதி. மரங்கள் அநேகமாக இல்லாத அந்தத் தீவில் புல், செம்மறியாடு, ஓயாத காற்று ஆகியவைதான் மிகுதி. உலகெங்கும் ‘ஃபேர் ஐல்’ என்றே அறியப்படும் பல வண்ணக் கைப்பின்னல் அந்தத் தீவின் பெயரால் வந்தது. 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அங்கே பின்னப்பட்ட தொப்பிகளும் சுருக்குப் பைகளும் அருங்காட்சியகங்களில் இன்றும் உள்ளன. அவற்றில் திரும்பத் திரும்பக் காணப்படுவன சிவப்பு, நீலம், மஞ்சள், பழுப்பு, வெள்ளை என்ற ஐந்து நிறங்களே.

வெள்ளைக்கும் பழுப்புக்கும் சாயமே தேவைப்படவில்லை. ஷெட்லாந்து ஆட்டினத்தில் முதன்மை நிறங்கள் என்று 11 கணக்கிடப்படுகின்றன. வெள்ளை, சாம்பல், செம்பழுப்பு, கறுப்பு எல்லாம் ஆட்டின் மேலேயே விளைகின்றன. மஞ்சளுக்குத் தீவின் செடிகள் போதும். சிவப்பும் நீலமும் மட்டும் கப்பலில் வந்தவை. சிவப்பு, மேடர் என்னும் செடியின் வேர். ஐரோப்பாவில் ஹாலந்தும் பிரான்சும் அதைப் பெருமளவில் பயிரிட்டன. நீலம், அவுரி. அந்தக் காலத்தில் பிரிட்டனுக்கு வந்த அவுரியில் பெரும்பங்கு வங்காளத்திலிருந்து போனது. ஒதுங்கிக் கிடந்த தீவின் கலை என்று கொண்டாடப்படும் ஒன்று, உண்மையில் நீண்ட கடல் வணிகத்தின் வால்முனையில் இருந்தது. 1588-இல் ஃபேர் ஐல் கரையில் எல் கிரான் கிரிஃபோன் என்ற ஸ்பானியக் கப்பல் உடைந்தது என்பது வரலாறு. அதிலிருந்து தப்பிய மாலுமிகளே தீவுப் பெண்களுக்கு இந்தப் பின்னலைக் கற்றுக்கொடுத்தார்கள் என்பது கதை. கதைக்கு ஆதாரம் இல்லை. ஆனாலும் விற்பனைக்கு அது நன்றாக உதவியிருக்கிறது.

விலை கொடுத்து வாங்கிய சாயம் கொஞ்சமாகத்தான் கிடைக்கும். அடுப்பில் ஏற்றக்கூடிய பானையும் சிறியது. ஒரு முறை எடுத்த நிறம் அடுத்த முறை அப்படியே வருவதில்லை. இந்த மூன்று நெருக்கடிகளுக்கும் ஏற்றதாக ஃபேர் ஐல் பின்னல் அமைந்திருக்கிறது. ஒரு வரிசைக்கு இரண்டே நிறம். சில வரிசைகளுக்கு ஒருமுறை நிறம் மாறும். எந்த நிறமும் பெரிய பரப்பில் தனியாக நிற்பதில்லை. செடிச்சாயம் ஏற்றிய நூலைக் கொண்டு பின்னும் எவருக்கும், எந்த நாட்டிலும், கணக்கு இதே வழியில்தான் போகிறது. என்ன பின்னலாம் என்பதைப் பானையின் கொள்ளளவும் அதில் விழும் நிறத்தின் தன்மையும் பெரும்பாலும் தீர்மானித்துவிடுகின்றன. எனவே பானையிலிருந்தே தொடங்குவது முறை.

கம்பளி, கெரட்டின் என்ற புரதம். மனிதரின் முடியும் நகமும் அதே புரதம்தான். மருதாணி நகத்தில் வாரக்கணக்கில் அழியாமல் நிற்பது அதன் நிறப்பொருள் கெரட்டினோடு பிணைவதால். செடிகளின் நிறங்களைக் கம்பளி இவ்வளவு விரும்பி ஏற்பதற்கும் காரணம் அந்தப் புரதத்தின் அமைப்பே. பருத்தி வேறு இனம். அது செல்லுலோஸ், சாயத்தைப் பற்றிக்கொள்ள அதற்குப் பிடிமானம் குறைவு. அதனால் பருத்தியை முதலில் துவர்ப்புள்ள ஏதாவதொன்றில் ஊறவைத்து, பிறகுதான் படிகாரத்துக்குக் கொண்டுபோக வேண்டும். சோழமண்டலக் கரையில் துணிக்குச் சாயமிட்டவர்கள் கடுக்காயையும் எருமைப் பாலையும் சேர்த்துத் துணியை ஊறவைத்தது இதற்காகத்தான். அவர்களது புகழ்பெற்ற சிவப்பு சாயவேரிலிருந்து வந்தது. கடலோர மணலில் வளரும் இந்தச் சிறு செடியை மருத்துவர்கள் இம்பூறல் என்பார்கள். டச்சுக்காரர் ஆட்சியில் யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் சாயவேர் தோண்டுவது அரசுக்கு வருமானம் தரும் தொழிலாகவே நடத்தப்பட்டது. பருத்தி நூலிலும் கையால் பின்னலாம். ஆனால் கம்பளிக்குரிய சாயக் குறிப்பைப் பருத்திக்கு அப்படியே பயன்படுத்தினால் முதல் சலவையிலேயே நிறம் தண்ணீரோடு போய்விடும். இனி வருவதெல்லாம் கம்பளிக்கு உரியது.

கடையில் உருண்டையாகக் கிடைக்கும் நூலை அப்படியே பானையில் போட முடியாது. உள்ளே சாயம் எட்டாது. நாற்காலி முதுகிலோ சுற்றுச் சட்டத்திலோ சுற்றிச் சிட்டமாக்கி, நான்கு இடங்களில் எட்டு வடிவில் தளர்வாகக் கட்ட வேண்டும். இறுக்கிக் கட்டிய இடம் வெள்ளையாக நின்றுவிடும். கட்டுகிற நூல் வெள்ளைப் பருத்தியாக இருப்பது நல்லது. நிறமேற்றிய நூலால் கட்டினால் அந்த நிறமும் சேர்ந்து இறங்கும். சிட்டத்தை உலர்ந்த நிலையில் எடைபோட்டுக் குறித்துக்கொள்வது இந்தத் தொழிலின் முதல் ஒழுக்கம். படிகாரம் எவ்வளவு, வேர் எவ்வளவு என்ற கணக்கெல்லாம் உலர்ந்த நூலின் எடைக்குத்தான். ஊற்றும் தண்ணீர் சிட்டம் தாராளமாக மிதக்கும் அளவுக்கு இருந்தால் சரி; அதற்குத் தனிக் கணக்கு இல்லை.

அடுத்தது அழுக்கு நீக்குதல். கம்பளியில் ஆட்டின் கொழுப்பும், ஆலையில் தடவிய எண்ணெயும் கொஞ்சமாவது மிஞ்சியிருக்கும். காரமில்லாத சோப்பு கலந்த வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவிட்டு அலசினால் போதும். துணி துவைப்பதுபோல் கசக்கவும் அடிக்கவும் கூடாது. கம்பளி இழையின் மேற்பரப்பு செதில் செதிலானது. திடீர்ச் சூடும் உராய்வும் சேர்ந்தால் செதில்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு நூல் கம்பளமாக இறுகிவிடும். அதன் பிறகு பிரிக்க வழியில்லை. சாயமிடும் வேலை முழுவதும் மெதுவாகச் சூடேற்றுதல், மெதுவாக ஆறவிடுதல் என்று நடப்பதற்கு இதுதான் காரணம். வாஷிங் மெஷினில் போடலாம் என்று விற்கப்படும் கம்பளியில் இந்தச் செதில்களை முன்பே மழுக்கியிருப்பார்கள். அது இறுகாது; ஆனால் சாயத்தை மிக வேகமாகக் குடிக்கும், கவனிக்காவிட்டால் திட்டுத்திட்டாகவும் குடிக்கும்.

பெரும்பாலான செடிச்சாயங்கள் தாமாக இழையில் நிலைப்பதில்லை. இழையையும் சாயத்தையும் இணைக்க ஓர் உலோக உப்பு நடுவில் வேண்டும். பாடநூல்கள் இதை நிறமூன்றி என்கின்றன. பழமையானதும் பாதுகாப்பானதும் படிகாரமே. 100 கிராம் கம்பளிக்கு 12 கிராம் அளவு படிகாரம், அதோடு 5 அல்லது 6 கிராம் கிரீம் ஆஃப் டார்டார் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் அளவு. இரண்டையும் வெந்நீரில் கரைத்து, பானைத் தண்ணீரில் கலந்து, முன்பே நனைத்த சிட்டத்தை இறக்க வேண்டும். ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டு 80 முதல் 85 டிகிரி செல்சியஸ் வரை சூடேற்றி, இன்னும் ஒரு மணி நேரம் அதே சூட்டில் வைத்து, இரவு முழுவதும் பானையிலேயே ஆறவிடுவது வழக்கம். படிகாரம் குறைந்தால் நிறம் வெளிறும். கூடினால் நூல் பிசுபிசுக்கும், ஊசியில் நகராது. பின்னுகிறவர் கைக்கு அது உடனே தெரிந்துவிடும்.

அன்னபேதி, அதாவது இரும்பு உப்பு, நிறத்தை அடக்கும். மஞ்சள் ஆலிவ் பச்சையாகும். துவர்ப்புள்ள சாயம் சாம்பலாகவும் கறுப்பாகவும் மாறும். நூல் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்குக்கு மேல் போனால் கம்பளி முரடாகி, நாளடைவில் நைந்துபோகும். மயில்துத்தம், வெள்ளீய உப்பு, குரோம் ஆகியவற்றையும் பழைய குறிப்பேடுகள் தாராளமாகச் சிபாரிசு செய்கின்றன. குரோம் உப்பு நஞ்சு. மயில்துத்தம் கலந்த கழிவுநீர் மீன்களைக் கொல்லும். செடியிலிருந்து வந்தது என்பதற்காக ஒரு சாயம் தீங்கற்றது ஆகிவிடாது என்பதை இந்த இடத்தில் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. பானை எவர்சில்வராகவோ எனாமலாகவோ இருக்க வேண்டும். இரும்புச் சட்டியும் செம்புப் பாத்திரமும் தாமே நிறமூன்றியாக வேலை செய்து நிறத்தை மாற்றிவிடும். சமையல் பாத்திரத்தை இதற்குப் பயன்படுத்துவது எந்தக் காரணத்தாலும் கூடாது.

இனி நிறங்கள். சிவப்பு பெரும்பாலும் வேரில்தான் இருக்கிறது. மேடர், இந்திய மஞ்சிட்டி, சாயவேர், நுணா ஆகிய நான்கும் காப்பிச் செடியின் குடும்பத்தைச் சேர்ந்தவை. மேடர் வேர் மூன்றாண்டு மண்ணில் இருந்தால்தான் நல்ல நிறம் தரும். அதன் உயிர், அலிசரின் என்ற பொருள். சாயவேரிலும் அலிசரின் உண்டு. மஞ்சிட்டியில் வேறு சிவப்புப் பொருள்கள் மிகுதி என்பதால் அது செம்மஞ்சளை நோக்கிச் சாயும். மேடரில் பலரும் தடுக்கி விழுவது சூட்டில்தான். 60 முதல் 70 டிகிரிக்குள் நிறுத்தினால் தெளிந்த சிவப்பு வரும்; கொதிக்கவிட்டால் வேரிலுள்ள பழுப்புப் பொருள்களும் இறங்கி நிறத்தைச் செங்கல்லாக்கிவிடும். தண்ணீரும் முக்கியம். சுண்ணச்சத்துள்ள கடின நீரில் மேடர் ஆழமாகப் பிடிக்கும். மென்னீர் உள்ள ஊர்களில் பானையில் ஒரு சிட்டிகை சுண்ணக்கட்டித் தூள் போடுவது அதற்காகவே. சாதத்துக்கும் பருப்புக்கும் ஆகாத கிணற்று நீர் சிவப்புக்கு ஆகும்.

மஞ்சள் எல்லா ஊரிலும் கிடைக்கும்; நிலைப்பது சில செடிகளின் மஞ்சள்தான். ஐரோப்பாவில் வெல்ட் என்ற செடியின் மஞ்சள் வெயிலுக்கு நன்றாகத் தாக்குப்பிடிப்பது. இந்தியாவில் மாதுளைத் தோலும் துலுக்கச் சாமந்திப் பூவும் படிகாரத்தோடு நம்பத்தக்க நிறம் தருகின்றன. வெங்காயச் சருகு தொடக்கத்தில் பொன்னிறமாக மின்னும். பிறகு படிப்படியாக மங்கும். சமையல் மஞ்சளுக்கு நிறமூன்றியே வேண்டாம், பானையில் இறக்கிய சில நிமிடத்தில் நூல் பளீரென்று ஆகிவிடும். அந்தப் பளபளப்பை நம்பி ஸ்வெட்டர் பின்னுவது வீண். வெயில் பட்டால் அது விரைவில் வெளுக்கும்; காரமான சோப்பு பட்டால், சுண்ணாம்பு பட்ட மஞ்சள் குங்குமமாவதைப்போல, சிவந்துவிடும். பீட்ரூட், செம்பருத்தி, நாவல் பழம் என்று சமையலறையிலும் தோட்டத்திலும் கண்ணைப் பறிக்கும் பலவும் நூலில் நிற்பதில்லை. கையில் கறையாவது எல்லாம் சாயமாகாது.

நீலம் தனி ஆட்சி. அவுரி இலையிலிருந்து கிடைக்கும் நீலம் தண்ணீரில் கரையாது. படிகாரத்தையும் அது பொருட்படுத்தாது. காரமுள்ள தண்ணீரில் அதன் ஆக்சிஜன் தொடர்பை நீக்கினால்தான் கரையும், அப்போது நிறம் மஞ்சள் கலந்த பச்சை. நூலை அதில் முக்கி எடுக்கும்போது பச்சையாகவே வெளியே வரும்; காற்றுப் பட்டதும் கண்ணெதிரே நீலமாகும். இப்படிக் கரையவைக்க ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு வழி இருந்தது. ஸ்காட்லாந்துத் தீவுகளில் நாட்பட்ட சிறுநீர். தென்னிந்தியத் தொட்டிகளில் வேகவைத்த தகரை விதையும் சுண்ணாம்பும். இரண்டிலும் வேலை செய்தவை நுண்ணுயிர்கள். இன்று வீட்டில் சாயமிடுகிறவர்கள் பழச் சர்க்கரையையும் சுண்ணாம்பையும் சேர்த்து அதே பலனைச் சில மணி நேரத்தில் பெறுகிறார்கள். விழுப்புரம் மாவட்டத்துத் திண்டிவனம் வட்டாரத்தில் அவுரி இன்றும் பயிராகிறது. சாயத்துக்கு வேண்டிய நீலக்கட்டி அங்கிருந்து கிடைக்கிறது.

கம்பளியை நீலத் தொட்டியில் இறக்கும்போது இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. கடும் காரம் கம்பளியைக் கரைத்துவிடும் என்பதால் பருத்திக்கு வைக்கும் காரத்தைவிடக் குறைவாக வைக்க வேண்டும். நீண்ட நேரம் ஒரே முக்கில் ஊறவிடுவதைவிடச் சில நிமிடங்கள் வீதம் பல முறை முக்கி, ஒவ்வொரு முறையும் காற்றில் காயவிட்டால் நிறம் உள்வரை இறங்கும். மேற்பரப்பில் மட்டும் ஒட்டிய நீலம் பின்னும்போது விரலிலும் ஊசியிலும் வந்துவிடும். அருகிலிருக்கும் வெள்ளை நூலையும் கெடுக்கும். நீல நூலை ஈர வெள்ளைத் துணியில் தேய்த்துப் பார்த்து, கறை விழாத வரை அலசிய பிறகே பின்ன எடுக்க வேண்டும்.

பச்சை நிறம் நிறையக் கொண்ட செடிகளிலிருந்து பச்சைச் சாயம் கிடைப்பதில்லை என்பது புதிதாக வருகிறவர்களை ஏமாற்றும் சங்கதி. மஞ்சள் ஏற்றிய நூலை நீலத் தொட்டியில் முக்கித்தான் பச்சை பெற வேண்டும். ஊதாவுக்கு மேடரும் நீலமும். ஸ்காட்லாந்தில் ஊதாவுக்கு இன்னொரு வழியும் இருந்தது. பாறைமேல் படரும் ஒருவகைப் பாசிப்பூஞ்சையைச் சுரண்டி, அம்மோனியாவில் வாரக்கணக்கில் புளிக்கவைப்பார்கள். அழகான நிறம்தான், ஆனால் வெயிலில் நிற்காது. பாசிப்பூஞ்சை ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர்கூட வளராத உயிர் என்பதால் இன்று அதைச் சுரண்டுவதைத் தவிர்ப்பதே பொறுப்பு.

வெயிலில் நிற்குமா என்று முன்கூட்டியே அறிய எளிய வழி உண்டு. நூலின் ஒரு துண்டை அட்டையில் சுற்றி, பாதியைக் கனத்த தாளால் மூடி, வெயில் படும் சன்னலில் சில வாரம் வைத்துவிட்டுத் திறந்து ஒப்பிட்டால் தெரிந்துவிடும். ஆய்வகங்களில் இதையே 1 முதல் 8 வரை தரமிட்ட நீலக் கம்பளித் துண்டுகளோடு ஒப்பிட்டுச் செய்கிறார்கள்.

இந்த அறிவு முழுவதும் ஒரு தலைமுறைக்குள் சந்தையிலிருந்து மறைந்தது. 1856-இல் லண்டனில் வில்லியம் பெர்கின் என்ற 18 வயது இளைஞர் தற்செயலாக முதல் செயற்கை ஊதாச் சாயத்தைக் கண்டுபிடித்தார். 1868-இல் ஜெர்மனியில் கிரேபேயும் லீபர்மனும் அலிசரினை ஆய்வகத்தில் உருவாக்கிய பிறகு மேடர் வயல்கள் சில ஆண்டுகளில் பயனற்றுப்போயின. 1897-இல் செயற்கை நீலம் விற்பனைக்கு வந்தபோது அவுரிக்கும் அதுவே நேர்ந்தது. ஃபேர் ஐல் பின்னலும் ஆலைச் சாயத்துக்கு மாறியது. 1922-இல் வேல்ஸ் இளவரசர் செயின்ட் ஆண்ட்ரூஸ் கோல்ஃப் மைதானத்தில் ஃபேர் ஐல் ஸ்வெட்டர் அணிந்து நின்ற பிறகு அந்தப் பின்னலுக்கு உலக மோகம் பிறந்தது. அந்த மோகத்துக்கு ஈடுகொடுத்து நூல் தர செடிச்சாயப் பானைகளால் முடிந்திருக்காது. அதற்கு அரை நூற்றாண்டு முன்பு, 1872-இல், ஷெட்லாந்துப் பெண்களுக்குப் பின்னலுக்குக் கூலியாகப் பணம் தராமல் கடைச் சரக்கைத் தரும் வழக்கம் பற்றி அரசு விசாரணையே நடந்தது என்பதையும் அந்த அழகோடு சேர்த்து நினைக்க வேண்டும்.

செடிச்சாயம் கைவினைஞர் கைக்குத் திரும்பியதில் ஒரு பெண்ணுக்குப் பெரும் பங்குண்டு. எத்தல் பார்ட்ரிட்ஜ் என்ற ஆங்கிலேயப் பெண், இலங்கைத் தமிழரான சர் முத்து குமாரசுவாமியின் மகன் ஆனந்த குமாரசுவாமியை 1902-இல் மணந்து, அவரோடு இலங்கைக்குச் சென்றார். கணவர் கனிம ஆய்வோடு சிங்களக் கைவினைகளையும் ஆராய்ந்தபோது, கிராமக் கைவினைகளை அருகிலிருந்து காணும் வாய்ப்பு அவருக்கும் கிடைத்தது. அந்த மணவாழ்க்கை நீடிக்கவில்லை. பின்னாளில் எத்தல் மெய்ரே என்ற பெயரில் 1916-இல் அவர் வெளியிட்ட செடிச்சாயக் கையேடு பல பதிப்புகள் கண்டது. இங்கிலாந்தின் டிட்ச்லிங் ஊரில் அவர் நடத்திய நெசவுக்கூடத்தில் பலர் பயின்றார்கள். அவர் நெசவாளர், எனினும் கையால் பின்னுகிறவர்களும் நீண்ட காலம் புரட்டிய நூல் அது. குரோம், வெள்ளீயக் குறிப்புகளை மட்டும் இன்று கடந்துபோக வேண்டும்.

இப்போது ஊசிக்கு வரலாம். பெரியவர் ஒருவருக்கு முழு ஸ்வெட்டர் பின்ன 400 முதல் 600 கிராம் நூல் வேண்டும். அத்தனையும் ஒரே நிறமாக இருக்க வேண்டுமென்றால் அத்தனையையும் ஒரே பானையில் ஒரே நாளில் சாயமிட வேண்டும். அதற்கு மிகப் பெரிய பாத்திரம் தேவை. இரண்டு பானையாகப் பிரித்தால், எவ்வளவு கவனித்தாலும், இரண்டு சிட்டங்கள் பக்கத்தில் வைத்தால் வேறுபாடு தெரியும். அப்படி ஆனபின் ஒரு தந்திரம் உண்டு. இரண்டு வரிசைக்கு ஒருமுறை சிட்டத்தை மாற்றி மாற்றிப் பின்னினால் வேறுபாடு மெல்லிய கோடுகளாகக் கலந்துவிடும். ஒன்றை முடித்துவிட்டு மற்றதைத் தொடங்கினால் மார்பின் குறுக்கே எல்லைக்கோடு போட்டதுபோல் நிற்கும்.

தொப்பி 60 முதல் 100 கிராமில் முடியும். செடிச்சாயத்தைத் தொடங்குகிறவருக்குத் தொப்பியும் மணிக்கட்டு உறையும்தான் தகுந்தவை. ஒரே பானையில் அடுத்தடுத்துச் சிட்டங்களை இறக்கினால் முதலில் அடர் சிவப்பு, அடுத்து இளஞ்சிவப்பு, மூன்றாவதாகப் பவழ வெளிறல் என்று சாயம் குறைந்துகொண்டே வரும். இந்த இறங்குவரிசை ஒரு சால்வைக்குப் பொருத்தமானது: நடுவில் தொடங்கி ஓரத்துக்குப் போகப் போக நிறத்தை ஏற்றியோ இறக்கியோ பின்னலாம். அந்த மாதிரிச் சால்வைக்கு எளிய கண்ணி போதும். நிறமே ஏற்ற இறக்கம் காட்டும்போது சிக்கலான ஓட்டைப் பின்னல் போட்டால் இரண்டும் தெளிவாகத் தெரியாது.

ஃபேர் ஐல் முறையில் ஒரு வரிசையில் ஒரு நிறம் கண்ணியாகும்போது மற்றது பின்புறம் ஓடும். ஓடும் நூல் நீளமாக இருந்தால் அணியும்போது விரல் மாட்டும். இழுத்துப் பிடித்தால் துணி சுருங்கும். ஆகவே பழைய வடிவங்களில் ஒரு நிறம் ஐந்தாறு கண்ணிக்கு மேல் தொடர்ந்து வருவது அரிது. நிறத்தைத் தேர்வதில் சிவப்பா நீலமா என்பதைவிட வெளிச்சமா இருட்டா என்பதே முக்கியம். செடிச்சாயங்கள் ஒன்றோடொன்று பகைப்பதில்லை என்று சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டது; அது உண்மைதான். ஆனால் நடுத்தர வெளிச்சமுள்ள இரண்டு நிறங்களை ஒரே வரிசையில் வைத்தால், நெருங்கிப் பார்த்தால் அழகாகவும் பத்தடி தள்ளிப் பார்த்தால் வெறும் மங்கலாகவும் இருக்கும். சிட்டங்களைக் கறுப்பு வெள்ளைப் படமாக எடுத்துப் பார்த்தால் இந்தச் சிக்கல் உடனே தெரியும்.

இந்த முறைக்கு ஷெட்லாந்து நூல் ஒத்துப்போவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அந்த இழை ஒன்றையொன்று பற்றும்; வட்டமாகப் பின்னிய உடலில் கைக்கும் முன்திறப்புக்கும் கத்திரியால் வெட்டினாலும் கண்ணிகள் ஓடுவதில்லை. வழுக்கும் மெரினோ நூலிலோ வாஷிங் மெஷின் கம்பளியிலோ இதைச் செய்தால், முதலில் தையல் போட்டுப் பூட்டாமல் கத்திரியை எடுக்கக் கூடாது. உள்ளூர்க் கம்பளி தேடினால், தென்னிந்தியாவில் மென்கம்பளி தரும் இனம் நீலகிரிச் செம்மறி; உள்ளூர் ஆட்டோடு மெரினோ, செவியட், சவுத்டவுன் கிடாக்களைக் கலந்து 19-ஆம் நூற்றாண்டில் உருவானது. அதன் கம்பளி குறைவாகவே கிடைக்கிறது.

எதைப் பின்னினாலும் உள்ளங்கை அளவு மாதிரித் துண்டு ஒன்றை முதலில் பின்னி, துவைத்து, காயவைத்து அளக்க வேண்டும். கண்ணியின் அளவுக்காக எல்லாரும் செய்வது இது. செடிச்சாய நூலில் இதற்கு இரண்டாவது வேலையும் உண்டு: அடர்நிறமும் வெள்ளையும் சேர்ந்த துண்டு சலவையில் நிறம் கசிகிறதா என்று அப்போதே தெரிந்துவிடும். முடிந்த ஆடையைத் துவைக்கக் காரமற்ற சோப்போ பூந்திக்கொட்டை நீரோ போதும். எலுமிச்சையும் வினிகரும் வேண்டாம். புளிப்புப் பட்டால் மேடர் சிவப்பு மஞ்சளை நோக்கி நகரும், காரம் பட்டால் ஊதாவை நோக்கி. நிழலில், தட்டையாக விரித்து உலர்த்த வேண்டும்.

மிஞ்சிய நூலை எறியக் கூடாது. முழங்கையோ மணிக்கட்டோ நைந்தால் இழையோட்ட அதே நிறம் மறுபடி கிடைக்காது. பெட்டியில் வைத்த மிச்ச நூல் சாயமிட்ட அன்றிருந்த நிறத்திலேயே இருக்கும், ஆடையோ வெயிலிலும் சலவையிலும் இறங்கியிருக்கும். இதனால் சிலர் ஒவ்வொரு நிறத்திலும் ஒரு சிறு சுருளை ஆடையின் உட்புறத் தையலில் தளர்வாகக் கட்டிவிடுகிறார்கள். ஆடையோடு அதுவும் துவைபடும். அணிகிறபோது சிறிதளவு வெளிச்சமும் படும். பெட்டியில் கிடந்த நூலைவிட அது ஒட்டுக்கு நன்றாகப் பொருந்துகிறது.